நடுவணியில் நின்றவர்: வோல்டர் டல்

உதைபந்தாட்டத்திலே கோல் போட்டவரின் பெயரைக் கூட்டம் வாய்விட்டுக் கூவும். கோலைத் தடுத்த பந்துகாப்பாளரையும் ஓரளவு நினைவிற் கொள்ளும். இவ்விருவர்க்கும் இடையே நின்று, எதிரியின் காலிற் கிடக்கும் பந்தைப் பறித்துத் தன் பக்கத்து முன்னணியினர்க்கு அளித்துவிட்டு, மறுகணமே பின்னோக்கி ஓடுகின்ற நடுவணி ஆட்டக்காரரின் பெயரையோ ஆட்டம் முடிந்ததும் மறந்துவிடும். இலக்கணங் கற்பிக்குந் தொழிலையுடைய எனக்கு இவர்களைக் காணுந்தோறும் இடைச்சொல்லின் நினைவே வரும். பெயரையும் வினையையும் போல இடைச்சொல் தனித்து நிற்பதில்லை. அவற்றைச் சார்ந்தே நிற்கும். ஆயினும் அது நீங்கினாற் சொற்கள் சிதறிக் கிடக்குமேயன்றி வாக்கியம் ஆகா.

அத்தகைய நடுவணியில் நின்று விளையாடிப் பேர்பெற்ற ஒருவரின் வரலாற்றை இங்கே சொல்லப் புகுகின்றேன். அவர் பெயர் வோல்டர் டல். தந்தை வழியாற் பார்படோஸ் தீவுக்கும் தாய் வழியால் இங்கிலாந்துக்கும் உரியவர். இருபத்தொன்பது ஆண்டுகளே வாழ்ந்தவர். அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் முதல்வர் என்னும் சொல்லைக் கொண்டே தொடங்குவர். இன்ன துறையில் முதற் கறுப்பினத்தவர், இன்ன பதவியில் முதற் கறுப்பினத்தவர் என்று அடுக்குவர். அச்சொல் அவருக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்? பொருந்தாதவிடத்து அவர் பெருமை எதனைப் பற்றி நிற்கும்? இவ்வினாக்களை மனத்திற் கொண்டு வாசகர் இவ்வரலாற்றைப் படிப்பாராக.

குடிவழி

பார்படோஸ் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்று. ஆபிரிக்காவிலிருந்து விலைப்பொருளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் அத்தீவின் கரும்புத் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக அடிமைகளாய் உழைத்தனர். 1833 ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமைமுறையை ஒழிக்குஞ் சட்டத்தை நிறைவேற்றிற்று. 1838 இலே விடுதலை முழுமையாயிற்று. அப்பொழுது அரசு 2 கோடிப் பவுணை இழப்பீடாக ஒதுக்கியது. அத்தொகை அடிமைகளை உடைமையாக வைத்திருந்தோர்க்கே சென்றது. முதுகொடிய உழைத்தோர்க்கு ஒரு சல்லியும் கிட்டவில்லை.

வோல்டரின் பாட்டனார் அவ்வடிமை வாழ்வைக் கண்டவர். அவர் மகன் டானியேல் டல் தச்சுத் தொழில் கற்றவர். 1876 ஆம் ஆண்டளவில் அவர் கடல் கடந்து இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போக்ஸ்டன் என்னும் துறைமுக நகரை அடைந்தார். அங்கே கென்ட் மாவட்டத்துப் பெண்ணாகிய அலிஸ் பாமர் என்பாரை மணந்து, தச்சுத் தொழிலாற் குடும்பத்தைத் தாங்கினார். இவ்விருவர்க்கும் மகனாக 1888 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 28 ஆந் திகதி வோல்டர் பிறந்தார்.

அவரது இளம் பருவத்திலேயே துன்பம் வீட்டு வாயிலை அடைந்துவிட்டது. 1895 இலே தாயார் புற்றுநோயால் இறந்தார். பிள்ளைகளைப் பேணும்பொருட்டுத் தந்தையார் மறு ஆண்டில் அலிசின் உறவினராகிய கிளாரா என்பாரை மணந்தார். அவ்வாறு அமைந்த நிழலும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1897 டிசெம்பரிலே தந்தையாரும் இருதய நோயால் மறைந்தார். வயிற்றிற் பிறவாத பிள்ளைகளும் தாம் பெற்ற பச்சைக் குழந்தையுமாக ஒரு பெரிய குடும்பம் கிளாராவின் தலைமேல் விழுந்தது. அவர் தீயவர் அல்லர், வறியவர். தேவாலயத்தாரின் அறிவுரைப்படி, எட்வர்ட், வோல்டர் என்னும் இரு சிறுவரையும் இலண்டனின் கிழக்குப் பகுதியிலே மெதடிஸ்த சபையினர் நடாத்திய அநாதை இல்லத்திற் சேர்ப்பிக்க இசைந்தார். 1898 ஆம் ஆண்டு பெப்புருவரியில் அச்சிறுவர்கள் தம் ஊரைவிட்டு நீங்கினர்.

அண்ணனுந் தம்பியும்

தாயுந் தந்தையும் இல்லாத பிள்ளைக்கு உடன்பிறந்தானே உறவெல்லாம் ஆவான். அவ்வுறவையும் பிரித்துவைப்பது போல 1900 ஆம் ஆண்டிலே ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. எட்வர்ட் நல்ல குரல் வளம் உடையவர். இல்லத்துப் பாடற் குழுவினரோடு ஊர் ஊராகச் சென்று பாடி வந்தார். ஸ்கொத்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரத்துக் குடும்பம் ஒன்று அவரைத் தத்தெடுத்துக் கொண்டது. வோல்டர் இல்லத்திலேயே தங்கினார். அப்பொழுது அவர்க்கு வயது பன்னிரண்டு.

பிரிந்த சகோதரர் இருவருஞ் சிறந்து விளங்கினர் என்பதை இங்கே சொல்லிவிடுதல் தகும். எட்வர்ட் தம்மை வளர்த்தவரைப் பின்பற்றிப் பல்வைத்தியம் பயின்றார். 1912 ஆம் ஆண்டிலே தேர்ச்சி பெற்று, கிளாஸ்கோவில் அத்தொழிலை நடாத்தினார். தம்பியோ அநாதை இல்லத்திலே அச்சுத் தொழில் பயின்றார். இல்லத்து உதைபந்தாட்ட அணியிலும் விளையாடினார். பிரிந்து வாழ்ந்தும் இருவர்க்கும் இடையே அன்பு அறவில்லை. பின்னாளிற் போர்க்களத்திலிருந்து வோல்டர் கடிதம் எழுதியது எட்வர்டுக்கே. அவர் இறந்த செய்தியைச் சுமந்த கடிதம் வந்து சேர்ந்ததும் எட்வர்டின் கைக்கே.

கழகத்திற் புகுதல்

1908 ஆம் ஆண்டிலே கிழக்கு இலண்டனிலிருந்த கிளப்டன் என்னும் கழகம் வோல்டரை ஏற்றுக்கொண்டது. அக்கழகத்தார் கூலி பெறாது விளையாடுவோர். அந்த ஓராட்டப் பருவத்துக்குள்ளே கிளப்டன் கழகம் தொழிலர் அல்லாதார்க்குரிய அகில இங்கிலாந்துக் கிண்ணத்தையும், இலண்டன் நகரத்துக் கிண்ணங்கள் இரண்டையும் வென்றது. புதிதாக வந்த இளைஞரின் ஆட்டத்தைப் பத்திரிகைகள் வியந்து எழுதின.

அப்புகழ் டொட்டன்ஹாம் ஹொட்ஸ்பர் என்னும் பெருங் கழகத்தாரின் செவிக்கு எட்டிற்று. அவர்கள் அப்பொழுதுதான் இங்கிலாந்தின் முதலாம் பிரிவுக்கு உயர்ந்திருந்தனர். 1909 ஆம் ஆண்டு கோடையில் அவர்கள் ஆர்ஜென்ரீனாவுக்கும் உருகுவேக்கும் ஆடச் சென்றபோது வோல்டரையும் உடன் கொண்டு சென்றனர். திரும்பிய பின் அவரைத் தொழில்முறை ஆட்டக்காரராக ஒப்பந்தஞ் செய்தனர். ஒப்பந்தப் பணம் 10 பவுண். வாரச் சம்பளம் 4 பவுண். ஆட்டக்காரர் எவ்வளவு வல்லவராயினும் அக்காலத்து விதிப்படி அதற்கு மேற் கொடுத்தல் ஆகாது. அச்சகத் தொழிலாளியாகும் அநாதைச் சிறுவன் ஒருவன் இருபத்தொரு வயதில் நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் பெறும் உச்சச் சம்பளத்தைப் பெற்றான் என்றால், அவனது கால்களின் வன்மையை நாம் ஊகிக்கலாம்.

செப்டெம்பரில் முதலாம் பிரிவிலே அவர் ஆடத் தொடங்கினார். அந்நாளில் அவர் முன்னணியில் உள்ளிடத்து ஆட்டக்காரராக நின்றார். அடுத்த மாதம் அணி பிறிஸ்டல் நகரத்துக்குச் சென்றது. அங்கே நடந்ததை மறைத்தல் வரலாற்றுக்குச் செய்யும் துரோகம் ஆகும்.

பிறிஸ்டல் மைதானத்திலே ஒரு பகுதிக் கூட்டத்தினர் ஆட்டம் முழுவதும் அவரது நிறத்தைச் சுட்டி இழிசொற்களை எறிந்தனர். ஆட்டத்தைக் காணச் சென்ற பத்திரிகையாளர் ஒருவர் அச்சொற்களை மீன்சந்தைப் பேச்சினுங் கீழானவை என்று கண்டித்து எழுதினார். அவ்வாறு இகழப்பட்டவரே அன்று களத்தில் நின்ற முன்னணியினருள் ஆற்றலாற் சிறந்தவர் என்றும், உள்ளத் தூய்மையிலும் நடத்தையிலும் ஏனைய வெள்ளையர் அனைவர்க்கும் முன்மாதிரியாக நின்றார் என்றும் அவரே எழுதினார். வோல்டர் எதிர்த்து ஒரு சொல்லுஞ் சொல்லவில்லை. கையோங்கவும் இல்லை.

அதன்பின் நெடுநாள் செல்லுமுன்னரே அவர் முதலணியினின்று இரண்டாம் அணிக்கு இறக்கப்பட்டார். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் முதலணியில் அவர்க்குக் கிடைத்த வாய்ப்புச் சிலவே. முதலாம் பிரிவில் அவர் ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 10. போட்ட கோல்கள் 2. கூட்டத்தின் கூச்சலுக்குக் கழகம் அஞ்சிற்று என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். இகழ்ந்தவர்க்குத் தண்டனை இல்லை. இகழப்பட்டவரே களத்தினின்று விலக நேர்ந்தது. இந்நீதியை உலகம் பழைய காலத்தோடு விட்டுவிட்டது என்று துணிந்து சொல்ல முடியவில்லை.

நடுவணியில்

ஓர் ஆசிரியன் கைவிட்ட மாணவனை மற்றோர் ஆசிரியன் கண்டெடுப்பதுண்டு. வோல்டரைக் கண்டெடுத்தவர் ஹேர்பர்ட் சாப்மன் என்பார். இவர் தாமும் ஒருகாலத்தில் டொட்டன்ஹாம் கழகத்தில் ஆடியவர். பின்னாளிலே ஹடர்ஸ்பீல்ட், ஆர்சனல் என்னுங் கழகங்களின் நெறியாளராக இருந்து அவற்றை இங்கிலாந்தின் முடிசூடா மன்னராக்கியவர். அவர் அப்பொழுது நோர்தாம்ப்டன் நகரக் கழகத்தை நெறிப்படுத்திக் கொண்டிருந்தார். அக்கழகம் தென்பகுதிக் கூட்டணியில் ஆடியது. அது முதலாம் பிரிவன்று. ஆயினும் தாழ்ந்ததும் அன்று. 1911 ஒக்டோபரிலே சாப்மன் கணிசமான தொகை கொடுத்து வோல்டரைப் பெற்றுக் கொண்டார்.

நோர்தாம்ப்டனிலும் அவர் முதலில் முன்னணியிலேயே ஆடினார். பிறிஸ்டல் ரோவர்ஸ் கழகத்துக்கு எதிரான ஓராட்டத்திலே தாம் ஒருவராகவே நான்கு கோல்களைப் போட்டார். தம்மை இகழ்ந்த நகரத்தின் மற்றொரு கழகத்துக்கு அவர் காலாற் சொன்ன மறுமொழி இது என்று எண்ணி மகிழ்வோரும் உளர்.

எனினும் அவருக்கு உரிய இடம் நடுவணியே என்பது விரைவில் தெளிவாயிற்று. அக்காலத்து உதைபந்தாட்ட அமைப்பு இன்றைய அமைப்பினின்று வேறுபட்டது. பந்துகாப்பாளர் ஒருவர், பின்னணியினர் இருவர், நடுவணியினர் மூவர், முன்னணியினர் ஐவர் என்று அணி வகுப்பர். ஐவர் தாக்க மூவர் தாங்குவது அவ்வமைப்பு. ஆதலால் நடுவணியினரின் சுமை பெரிது. பக்கத்து நடுவணியாளர் எதிரணியின் முன்னணியாளரைத் தொடர்ந்து சென்று தடுத்தல் வேண்டும். பந்து கையகப்பட்டதும் தம்முடைய முன்னணியாளர் எங்கே நிற்கின்றார் என்பதைத் தலை நிமிர்ந்து நோக்கி, அவர் காலுக்கே அதைச் செலுத்தல் வேண்டும். விரைவு மாத்திரம் உள்ளவர் இவ்விடத்துக்கு ஆகார். சினம் உள்ளவர் ஒருபோதும் ஆகார். பொறுமையும், முன்னறிந்து நகரும் மதியும், பிறர் புகழ்பெறத் தாம் உழைக்கும் மனமும் உடையவரே அங்கே நிலைப்பர்.

வோல்டரிடம் இம்மூன்றும் இருந்தன. 1912 இலே சாப்மன் வேறு கழகத்துக்குச் சென்றபின்னும் அவர் நோர்தாம்ப்டனிலேயே நிலைத்தார். அக்கழகத்தின் முதலணியில் அவர் ஆடிய ஆட்டங்கள் 111. போட்ட கோல்கள் 9. இவ்வெண்களை டொட்டன்ஹாமில் அவர் பெற்ற எண்களோடு ஒப்பிட்டு நோக்குக. பத்து ஆட்டங்களில் இரண்டு கோல் போட்டவர், நூற்றுப் பதினொரு ஆட்டங்களில் ஒன்பது கோலே போட்டார். எண்ணை மாத்திரங் காண்பவர் இதனைத் தேய்வு என்பர். ஆட்டத்தை அறிந்தவரோ வளர்ச்சி என்பர். கோல் போடுபவராக வந்தவர், அணியைத் தாங்குபவராக உயர்ந்தார்.

போர்க்களம்

1914 ஆகஸ்டில் முதலாம் உலகப் போர் மூண்டது. அவ்வாண்டும் உதைபந்தாட்டம் நிறுத்தப்படவில்லை. களத்தில் இளைஞர் மடியும்போது வலிய கால்களையுடைய ஆட்டக்காரர் கூலிக்குப் பந்துதைப்பதா என்ற கண்டனம் எழுந்தது. அதன் விளைவாக டிசெம்பரிலே மிடில்செக்ஸ் படைப்பிரிவின் பதினேழாம் பட்டாளம் ஆட்டக்காரர்க்கென்றே அமைக்கப்பட்டது. உதைபந்தாட்டப் பட்டாளம் என்று மக்கள் அதனை அழைத்தனர். அம்மாதமே வோல்டர் அதிற் சேர்ந்தார். 1915 நவெம்பரில் அப்பட்டாளம் பிரான்சை அடைந்தது. அதற்குள்ளேயே அவர் சார்ஜன்ட் நிலைக்கு உயர்ந்துவிட்டார்.

போரின் கொடுமை வீரரையும் வளைக்கும். 1916 மே மாதத்திலே ஓயாத பீரங்கி முழக்கத்தால் அவர் மனம் நிலைகுலைந்தது. மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். இதனைச் சொல்லாது விடும் வரலாறுகள் சில உள. இது மறைக்கத்தக்க குறைபாடன்று என்பது என் கருத்து. மனம் உடைந்தவர் ஒருவர் தேறி, உடைத்த இடத்துக்கே செப்டெம்பரில் மீண்டு சென்றார். பல இலட்சம் பேர் மடிந்தும் காயமுற்றும் போன சோம் ஆற்றுப் போரின் இறுதிக் கட்டத்திற் பங்குகொண்டார். அஞ்சாதவன் களம் புகுதல் இயல்பு. அச்சத்தின் முழு வடிவையுங் கண்டவன் மீண்டும் புகுதலே அருமை. ஆண்டு முடியுமுன் பதுங்குகுழிக் காய்ச்சல் அவரைப் பற்றிற்று. மீண்டும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

இப்பொழுதுதான் அவரது வாழ்க்கையின் வியத்தகு பகுதி வருகின்றது. அவருடைய மேலதிகாரிகள் அவரை அதிகாரிப் பதவிக்குரிய பயிற்சிக்குப் பரிந்துரைத்தனர். ஸ்கொத்லாந்திலுள்ள கேல்ஸ் என்னும் இடத்துப் பயிற்சிக் கூடத்திற் பயின்று, 1917 மே மாதம் 30 ஆந் திகதி இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

அக்காலத்துப் படைச் சட்டக் கைந்நூல் நிறத்தவரை அந்நியர் வகையிற் சேர்த்து, அவர் படையிற் சேரலாமேயன்றி ஆணை செலுத்தும் அதிகாரிப் பதவி வகித்தலாகாது என்று விதித்திருந்தது. அப்பதவிக்கு விண்ணப்பிப்போர் தூய ஐரோப்பிய வழித்தோன்றலராதல் வேண்டும் என்று வழிகாட்டி ஏடுகள் கூறின. கென்ட் மாவட்டத்துத் தாய்க்குப் போக்ஸ்டனிலே பிறந்து, இலண்டனிலே வளர்ந்து, நோர்தாம்ப்டனுக்காக ஆடியவரை அவ்வெழுத்துக்கள் அந்நியர் என்றன. வெள்ளையர் நிறத்தானின் ஆணையை மதிக்கமாட்டார் என்பதே அவ்விதியின் உட்பொருள்.

அவ்விதியை எவரும் அவருக்காக மாற்றவில்லை. அவர் இறந்த பின்னரும் அது நீங்கவில்லை; 1939 இலே இரண்டாம் உலகப் போர் மூண்டபோதே அத்தடை தளர்ந்தது. விதி இருந்தவாறே இருக்க, விதியைக் கையில் வைத்திருந்தவர்களே அவரை உயர்த்தினர். அதிகாரிகள் பெருந்தொகையாக மடிந்து பதவிகள் வெறிதாயின என்பது ஒரு காரணம். அவரோடு சேற்றிலே கிடந்தவர்கள் அவரை அறிந்திருந்தனர் என்பது மற்றொரு காரணம். ஏட்டிலிருந்த விதிக்கும் கண்ணாற் கண்ட மனிதனுக்கும் இடையே ஒன்றைத் தெரிய வேண்டி வந்தபோது, அவர்கள் மனிதனைத் தெரிந்தனர்.

ஆற்றைக் கடந்த இரவு

புதிய அதிகாரி மிடில்செக்ஸ் படையின் இருபத்துமூன்றாம் பட்டாளத்திற் சேர்க்கப்பட்டார். அதுவும் ஆட்டக்காரர்க்கென அமைந்த பட்டாளமே. 1917 நவெம்பரில் அப்பட்டாளம் இத்தாலியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டது. அங்கே பியாவே என்னும் ஆறு இரு படைகளுக்கும் எல்லையாய் ஓடிற்று. மலைப் பனி உருகி வரும் நீர், மாரிக் காலத்திலே எலும்பைத் துளைக்குங் குளிர், விரைந்த ஓட்டம். அக்கரையிற் பகைவர்.

1918 புத்தாண்டின் தொடக்க நாளிரவில் வோல்டர் 26 வீரர்க்குத் தலைமை தாங்கி அவ்வாற்றைக் கடந்து பகைவர் எல்லையுட் புகுந்தார். பணி முடிந்ததும், பகைவர் சுடச் சுட, அவ்விருபத்தாறு பேரையும் ஒருவரும் குறையாது கரை சேர்த்தார். அவரது வீரத்தையும் பதற்றமின்மையையும் பாராட்டித் தளபதி சிட்னி லோபோர்ட் எழுத்திற் பதிவு செய்தார்.

நோர்தாம்ப்டனின் நடுவணியில் அவரைக் கண்டவர்க்கு இச்செய்தி புதிதாய்த் தோன்றியிராது. முன்னே செல்லல், தன் பக்கத்தார் எங்கே நிற்கின்றனர் என்பதை மறவாமை, எல்லாரோடும் மீளல் ஆகிய இவையே அவர் அங்கே செய்தவை.

இறுதி

1918 மார்ச்சு மாதத்திலே பட்டாளம் பிரான்சுக்குத் திரும்பிற்று. மார்ச்சு 21 ஆந் திகதி செருமானியர் பெருந்தாக்குதல் தொடங்கினர். பிரித்தானியப் படை நாள்தோறும் பின்வாங்கியது. நான்கு நாட்களின் பின், மார்ச்சு 25 இல், வட பிரான்சின் பவ்ரேய் என்னுஞ் சிற்றூருக்கு அருகே வோல்டர் டல் குண்டுபட்டு வீழ்ந்தார். முப்பதாம் பிறந்தநாளுக்கு ஏறத்தாழ ஒரு மாதமே இருந்தது.

பின்வாங்கும் படைக்கு இறந்தவரைச் சுமக்க நேரமில்லை. அவ்வாறிருந்தும் அவர்தம் வீரர், சுடும் குண்டுகளுக்கிடையே அவர் உடலைக் கொண்டுவர முயன்றனர். பில்லிங்ஹாம் என்னும் வீரர் அதன்பொருட்டுத் தம் உயிரைப் பணயம் வைத்தார். பகைவர் நெருங்கி வந்தமையால் முயற்சி கைகூடவில்லை. உடல் அங்கேயே கிடந்தது; பின்னர் எவருங் கண்டெடுக்கவில்லை.

வெள்ளையர் நிறத்தானின் ஆணையை மதிக்கமாட்டார் என்ற விதியின் உட்பொருளை முன்னர்க் கூறினேன். அதற்கு மறுப்பு இவ்விடத்திலே உளது. ஆணைக்குப் பணிதல் தண்டனைக்கு அஞ்சியும் நிகழலாம். உயிரோடு ஆணையிட முடியாத ஒருவனுக்காக, எவரும் ஏவாமல், குண்டுமழையிற் புகுதல் அச்சத்தால் நிகழாது. அன்பாலும் மதிப்பாலுமே நிகழும்.

பட்டாளத்து அதிகாரி ஒருவர் எட்வர்டுக்கு எழுதிய கடிதத்திலே, வோல்டர் எல்லார்க்கும் இனியவராக இருந்ததையும், அவர் இராணுவச் சிலுவைப் பதக்கத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்ததையும் தெரிவித்தார். அப்பதக்கம் வழங்கப்படவில்லை. இறந்தோர்க்கு அப்பதக்கம் வழங்கும் முறை 1979 வரை இருந்ததும் இல்லை. அவர் மறைந்து நூறாண்டு நிறைந்த 2018 ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் நூற்றுக்கு மேற்பட்டோர் அதனை வழங்குமாறு வேண்டிக் கையொப்பமிட்டனர். இவ்வேண்டுகோள் முறையானதே. ஆயினும் பதக்கம் வந்தாலும் வராவிட்டாலும் பில்லிங்ஹாம் அளித்த சான்று அதனினும் மேலானது என்று யான் எண்ணுகின்றேன்.

முதல்வர் என்னும் சொல்

இனித் தொடக்கத்திலே எழுப்பிய வினாவுக்கு வருவோம். தொழில்முறை உதைபந்தாட்டத்திற் புகுந்த முதற் கறுப்பினத்தவர் வோல்டர் அல்லர். இன்றைய கானாவிலே பிறந்த ஆதர் வோட்டன் என்பார் அவர்க்கு இருபது ஆண்டு முன்னரே இங்கிலாந்திற் பந்துகாப்பாளராக ஆடியவர். பிரித்தானியப் படையில் அதிகாரியான முதற் கலப்புக் குடியினர் வோல்டரே என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். பின்னர் வந்த ஆராய்ச்சியால், ஜமேக்காவிற் பிறந்த ஜோர்ஜ் பீமன்ட் என்னும் இளைஞர் 1915 இலேயே பீரங்கிப் படையில் அதிகாரியானமை தெரிய வந்தது. அவரும் 1916 இலே போரில் மடிந்தார். இன்னுஞ் சிலர் பெயரும் வெளிவருகின்றன.

இதனால் வோல்டரின் புகழ் குறைந்துவிட்டது என்று கருதுவோர், ஆளை விட்டு வரிசை எண்ணைப் போற்றியவர் ஆவர். முதல்வர் என்பது காலத்தைக் குறிக்குஞ் சொல், தகுதியைக் குறிப்பதன்று. மூடிய கதவு ஒன்றன் முன் ஒருவர் நின்றார் என்பதனினும், பலர் நின்றனர் என்பதே அக்கதவின் கொடுமையைக் காட்டும். அவருள் ஒவ்வொருவரும் தனித்தனியே அதனைத் தட்டித் திறக்க வேண்டியிருந்தது. ஒருவர்க்குத் திறந்த கதவு அடுத்தவர்க்கு மீண்டும் மூடிற்று.

வோல்டரின் பெருமை அவர் நின்ற இடத்தைப் பற்றியது. வாழ்நாள் முழுவதும் அவர் இடையிலேயே நின்றார். பார்படோசுக்கும் கென்டுக்கும் இடையே, இழந்த வீட்டுக்கும் வளர்த்த இல்லத்துக்கும் இடையே, இகழ்ந்த கூட்டத்துக்கும் ஏற்ற அணிக்கும் இடையே, அந்நியர் என்ற சட்டத்துக்கும் தலைவர் என்ற வீரர்க்கும் இடையே நின்றார். இரண்டுக்கும் இடையே நிற்பவனை இரு பக்கத்தாரும் அயலான் என்று தள்ளுதல் உலகத்து வழக்கம். தள்ளிய இடத்திலேயே உறுதியாய் நின்று இரு பக்கத்தையும் இணைத்தமையே அவர் செய்த அருஞ்செயல்.

நெடுங்காலம் உலகம் அவரை மறந்திருந்தது. 1990 ஆம் ஆண்டுகளிலே பில் வசீலி முதலிய ஆராய்ச்சியாளர் பழைய ஏடுகளைத் துருவி அவர் வரலாற்றை வெளிக்கொணர்ந்தனர். 1999 ஆம் ஆண்டு யூலை மாதம் 11 ஆந் திகதி நோர்தாம்ப்டன் கழகத்து விளையாட்டரங்கின் பக்கத்திலே அவருக்கு நினைவுச் சுவர் ஒன்று திறந்து வைக்கப்பட்டது. களத்தில் வீழ்ந்தவனுக்குப் பெயரெழுதிக் கல் நாட்டுதல் நம் முன்னோர் அறிந்த வழக்கம். அவர் உடல் கிடைக்காமையால் அவருக்குக் கல்லறை இல்லை. பிரான்சின் அராஸ் நகரத்திலே, கல்லறையில்லாத ஏறத்தாழ 35,000 வீரரின் பெயர்கள் பொறிக்கப்பட்ட நினைவுச் சுவரில் அவர் பெயரும் ஒன்று. அங்கே நிறம் எழுதப்படவில்லை, குடி எழுதப்படவில்லை. முன்னும் பின்னும் பிறர் பெயர்கள் நிற்க, நடுவிலே அவர் பெயரும் நிற்கின்றது.